நிற்கிற வண்டிக்கு ஐந்து இழுப்பு

கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு இத்தனை வருடங்களில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "ஒண்ணு போட்டா போதும்" என்பதுதான். காய்ச்சல் மாத்திரையை இரண்டாகப் போட்டால் காய்ச்சல் சீக்கிரம் விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கும் உண்டு. ஒருவர் மூன்று நாள் மாத்திரையையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, "வேல முடிஞ்சிபோச்சி இல்லம்மா?" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரைத் திட்டிய திட்டில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் தினமும் ஐந்து மடங்கு போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. மாத்திரை இல்லை, பிரேக்.

கள்ளக்குறிச்சி வீட்டில் நானும் அப்பாவும்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறி, வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸைப் பல வருடம் ஓட்டினார். "ஒரு கீறல் இல்லாம வண்டிய ஒப்படைச்சேன்" என்பது அவருடைய வாக்கியம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், பல் டாக்டர் என்று யார் அகப்பட்டாலும் சொல்லிவிடுவார். பல் டாக்டரிடம் சொன்னபோது வாயில் பஞ்சு வேறு இருந்தது.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. பெண்பிள்ளை கார் ஓட்டுவதில் அவருக்கு வருத்தம் கிடையாது. சொல்லப்போனால் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி டிரைவிங் ஸ்கூல்காரரைத் தொல்லை செய்ததே அவர்தான். வருத்தமெல்லாம் அந்தக் காரின் மேல். கியர் தானாக மாறும். ஹேண்ட் பிரேக்குக்குக் கைப்பிடியே கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஒரு முறை மேலே இழுத்தால், பின்சக்கரங்களோடு இருக்கிற இரண்டு சின்ன மோட்டார்கள் 'ஙொய்ங்' என்று சுற்றி பிரேக்கை இறுக்கிவிடும். அந்த மோட்டாரும் அதற்குள் இருக்கிற பல்சக்கரங்களும் சேர்ந்த டப்பாவுக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை. "பட்டன்ல நிக்கிற வண்டி பட்டன்லயே போயிடும்" என்றார். நான் சிரித்தேன்.

மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் சுகாதார நிலையம் சரிவில் இருக்கிறது. வழக்கம்போல வண்டியை நிறுத்தி சுவிட்சை இழுத்தேன். 'ஙொய்ங்' வரவில்லை, எதுவோ 'கரகர'வென்று அரைபட்டது, கண்ணெதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் ஒரு சாண் பின்னால் போய், கியரின் பலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கார் போனது ஒரு சாண்தான், என் நெஞ்சு ஒரு முழம் போய்விட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடிவந்து பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். மலையில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு கல் வைப்பதில்லை. அன்று முழுக்க என் மனம் மருந்தில் நிற்கவில்லை, அந்தக் கல்லிலேயே நின்றது.

சாயங்காலம் எப்படியோ ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் வாசல் தெருவைப் பார்த்து இறக்கமாக இருக்கும். கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டு டியூஷன் பிள்ளைகள் எப்போதும் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் அப்பா வெளியே வந்துவிட்டார். சத்தத்தை உள்ளேயிருந்தே கேட்டிருக்கிறார்.

"இன்னா பாப்பா, பின்னாடி அரைக்குது?"

நாற்பத்தெட்டு வயதுப் பாப்பா நடந்ததைச் சொன்னாள். நகர்ந்த ஒரு சாணை மட்டும் மறைத்தாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ தூரம் போச்சு?" என்று கேட்டார். டிரைவரிடம் மறைக்க முடியுமா? சொன்னேன்.

"இந்த வண்டி இனிமே மலைக்கு வாணாம். பஸ்ல போ."

"பஸ்ல போனா மூணு மணிக்கே ஜன்னல சாத்தணும்ப்பா. தூரத்து ஊர்லருந்து நடந்து வரவங்க அதுக்கப்புறம்தான் வருவாங்க."

"அப்ப கீழ டிரான்ஸ்ஃபர் கேளு. சங்கராபுரத்துல இல்லாத ஆஸ்பத்திரியா?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. மலையைவிட்டு இறங்கச் சொல்லி என்னிடம் யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அப்பா சொன்னதில்லை. ஒரு வாரத்துக்குள் வண்டி சரியாகாவிட்டால், சரியானது என்று அவர் நம்பாவிட்டால், நான் டிரான்ஸ்ஃபர் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பயத்தோடு வீட்டில் உட்காரவைத்துவிட்டு தினமும் மலையேற என்னால் முடியாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கச்சிராயபாளையம் ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். நாற்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுவார். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு தடவை சும்மா நடப்பார். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம், யூகத்தில் எதையும் கழற்ற மாட்டார். வயிற்றுவலி என்றதும் ஸ்கேன் எழுதுகிற ஜாதி இல்லை.

பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சேறு ஏறியிருக்குமோ என்று ஒயர் முனைகளைத் துடைத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தன. எலி கடித்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார், எலிக்கு அங்கே வேலை இல்லை. பிறகு இடதுபக்க ஆக்சுவேட்டரைக் கழற்றி, கரண்டு கொடுத்துத் தனியாக ஓட்டினார். மோட்டார் ஜம்மென்று சுற்றியது. ஆனால் மறுமுனையில் திருக வேண்டிய தண்டு அசையவில்லை. டப்பாவைப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பல்சக்கரம். ஒருபக்கம் பற்கள் கிழவி வாய்போல மழுங்கிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தபோது வலதுபக்கத்திலும் அதே கதைதான், அது மட்டும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ கம்மியா ஓடின வண்டியில இப்டித் தேயாதுங்க மேடம்" என்றார்.

"முன்னாடி வெச்சிருந்தவங்க எதுனா பண்ணியிருப்பாங்க" என்றேன்.

அவர் ஒரு கருவியை எடுத்துவந்து வண்டியில் சொருகினார். வண்டியின் மூளைப்பெட்டி எல்லாவற்றையும் எண்ணிவைத்துக்கொள்கிறதாம். பிரேக் எத்தனை முறை இழுக்கப்பட்டது என்பதும் அதில் இருந்தது. அவர் எண்ணைப் படித்தார். நான் மனக்கணக்கில் புலி. போக வர, கடைகண்ணி, கோயில் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாலும், வந்த எண்ணில் பாதிகூடத் தேறவில்லை.

"இதுல முக்கால்வாசி சாவி போடாம இழுத்தது. வண்டி நின்னுகினு இருக்கும்போதே யாரோ திரும்பத் திரும்ப இழுத்துகினு இருக்காங்க. ஏற்கெனவே இறுகினதை மறுபடி இறுக்குனா பல்லு என்னாங்க பண்ணும்?"

"சாவி என் பையிலதான் இருக்கும்" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"பிரேக்க எடுக்கறதுக்குத்தாங்க சாவி வேணும். போடறதுக்கு வாணாம்."

வாட்டர் சர்வீஸ்காரர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓசூர்க்காரர்மேலும் வந்தது, அவருக்குச் சும்மா இருக்கும்போது எதையாவது நோண்டுகிற பழக்கம் உண்டு. கேட்டைச் சாத்திவிட்டால் எங்கள் வாசலில் காரை நான் பூட்டுவதில்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. மெக்கானிக் இரண்டு ஆக்சுவேட்டருக்கும் சேலத்தில் சொல்லிவைத்தார். ஆனால் உடனே மாட்டப்போவதில்லை என்றார். "காரணம் தெரியாம புதுசு போட்டா அதையும் தின்னுடுவாங்க. இப்போதைக்கு இப்டியே மாட்டித் தரேன். வூட்டுல நிறுத்திட்டு, கல்லு வெச்சிட்டு, யாருன்னு பாருங்க."

ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஆள் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. அன்று சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்குத் தெருப்பக்கமாக ஒரு செங்கல்லை நகர்த்திவிட்டு, டீ போடுகிற சாக்கில் சமையலறை ஜன்னலில் நின்றேன். பால் பொங்குவதற்குள் ஆள் வந்துவிட்டார்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா வந்தார். தெருவை ஒருமுறை பார்த்தார். காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து, ஒரு கால் வெளியே தொங்க சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, சுவிட்சை இழுத்தார். அரைபடும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது. மறுபடி இழுத்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். ஐந்து முறை. பிறகு இறங்கி, காரின் முகப்பில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிப் பார்த்தார். கியரும் செங்கல்லும் பிடித்திருந்ததால் அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையைத் தட்டுவதுபோல பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் ஓட்டிய பஸ்ஸில் பிரேக் கைப்பிடியை இழுத்தால் 'கடக் கடக்' என்று பல் ஏறும். மலையில் அஞ்சு பல் ஏறாமல் அவர் சீட்டைவிட்டு இறங்கியதில்லை. சின்ன வயதில் அவருடைய பஸ்ஸில் போகும்போது நானும் அந்தச் சத்தத்தை எண்ணியிருக்கிறேன். அந்த வண்டியில் இழுக்க இழுக்கப் பல் ஏறியது, இந்த வண்டியில் தேய்ந்தது.

பால் பொங்கி அடுப்பை நனைத்தது. வாய்வரைக்கும் கோபம் வந்தது. "என் வண்டிய நீதாம்பா கெடுத்த" என்று கத்தியிருப்பேன். ஆனால் அந்த வாக்கியத்துக்கு எதிரே இன்னொரு வாக்கியம் நின்றது: ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சேன். அவரிடம் சொத்து என்று இருப்பது அது ஒன்றுதான். அதில் கீறல் போட என் நீள வாய்க்குக்கூட மனசு வரவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு வேறு பால் வைத்தேன்.

மெக்கானிக்கிடம் போனில் விஷயத்தைச் சொல்லி, "எங்கப்பா கேட்டா மலைத் தூசின்னு சொல்லிடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றார்.

பார்ட்ஸ் வந்த அன்று, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அப்பாவும் கூடவே கிளம்பிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை வேறு. புது ஆக்சுவேட்டர் இரண்டையும் மாட்டி முடிக்கிறவரை வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் கேட்டார்.

"எதனால போச்சு?"

மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மலைத் தூசிங்க ஐயா" என்றார்.

"கழட்டினத குடு."

பெஞ்சின்மேல் கிடந்த பழைய பல்சக்கரத்தை அவரே எடுத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் பற்களைத் தடவினார்.

"தூசி பட்டிருந்தா சுத்தி எல்லாப் பல்லும் தேயணும். இது ஒரே எடத்துல தேஞ்சிருக்குது. நிக்கிற வண்டிய ஜாஸ்தி இழுத்து இழுத்துத் தேஞ்சது இது." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யார் இழுக்கறது?"

மெக்கானிக் ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

"நான்தாம்பா" என்றேன். "நிறுத்தறப்ப பயந்துகினு நாலு தடவ அஞ்சு தடவ இழுத்துடுவேன். இனிமே ஒண்ணுதான் இழுப்பேன்."

அப்பா பல்சக்கரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு லாரிக்காரன் தப்பாக ஏறிவந்தான், அதற்குக்கூடத் திட்டவில்லை. லாரிக்காரனை அவர் திட்டாமல் விட்டது எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் நிறுத்தினேன். ஒரே ஒரு முறை இழுத்தேன். 'ஙொய்ங்' என்று அழகாகக் கேட்டது. செங்கல்லை நான் திரும்ப வைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மறுபடி சமையலறை ஜன்னலில் நின்றேன். அவர் காரைவிட்டு இறங்காமல், அதே இடதுபக்க சீட்டில், இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவிட்ச் பக்கம் கை போகவில்லை. வெகுநேரம் கழித்து இறங்கினார். கொல்லைப்பக்கம் போய் ஒரு கருங்கல்லைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து, பின்சக்கரத்துக்கு முட்டாக வைத்தார்.

டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாங்கிக்கொண்டார்.

"நீ ஒரு தடவதான் இழுப்ப பாப்பா."

நான் அந்தக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்தேன்.

"தெனம் நீ நிறுத்தறத ரூம் ஜன்னல்லேருந்து நான் பாத்துகினுதான் இருக்கேன். ஒரு தடவ இழுப்ப. பைய எடுத்துகினு எறங்கிடுவ. என் பழிய நீ எதுக்குத் தூக்கின?"

"கீறல் இல்லாதவன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கிற. அத எப்டிப்பா நான் கெடுக்கறது?" என்றேன்.

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார்.

"கீறல் இல்லதான். ஆனா ஒரு தடவ வெள்ளிமலையில, ஜனங்க ஏறி உக்காந்துகினு இருக்கறப்ப, டீ குடிக்க எறங்கினேன். ரெண்டு பல்லோட விட்டுட்டேன் போல. வண்டி பின்னாடி போவ ஆரம்பிச்சிடுச்சி. கெளாஸ கீழ போட்டுட்டு ஓடறேன், எட்டல. பஸ்ஸுக்கு நின்ன மலைக்கார அம்மா ஒண்ணு, தல மேல இருந்த சாம மூட்டைய அப்டியே சக்கரத்துக்கு அடியில தள்ளிச்சி. நின்னுடுச்சி. மூட்ட கிழிஞ்சி சாமையெல்லாம் ரோட்ல. அந்தம்மா என்ன ஒரு வார்த்த கேக்கல. ஒக்காந்து அள்ளிச்சி. நானும் கூட ஒக்காந்து அள்ளினேன்." டம்ளரை மறு கைக்கு மாற்றினார். "ஓடற வண்டிக்கு டிரைவர் இருக்கான். நிக்கிற வண்டிக்கு யாரு இருக்கா? அன்னிலேருந்து அஞ்சு. உங்கம்மா கிட்டகூட சொன்னதில்ல."

அப்போது பிடித்த அளவுக்கு அவரை எனக்கு அதற்குமுன் பிடித்ததே இல்லை. அதை வாய்விட்டும் சொன்னேன். "போதும், டீ ஆறுது" என்றார். டீ அவர் கையில்தான் இருந்தது.

டிரான்ஸ்ஃபர் பேச்சை அதற்குப் பிறகு இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஆனால் போ என்றும் அவர் சொல்லவில்லை. இரவெல்லாம் எனக்கு அந்த யோசனைதான். மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தபோது, அவர் எனக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சுவிட்சை அழுத்தி விடுவித்தேன். கண்ணாடியில் பார்த்தால், அவர் குனிந்து கல்லை உருட்டி ஓரமாக்கிவிட்டு, கேட்டை அகலத் திறந்து, பிள்ளைகள் யாராவது குறுக்கே வருகிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று, காரின் பின்பக்கத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வாழ்நாளெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டர் சொல்லக் கேட்டே வண்டியை எடுத்தவர், முதல் தடவையாகப் பின்னால் நின்று உரக்கச் சொன்னார்:

"போலாம், ரைட்!"

நான் மலைக்குக் கிளம்பினேன்.